'கவலைப்படாதீங்க' என்று சொல்லும் முன்: கவுன்சலிங் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவியல் படிப்பில் கவுன்சலிங் திறன்கள் என்ற தாள் வந்ததும் மாணவர்களின் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். புள்ளியியல் மாதிரி மிரட்டாது, மூளை நரம்பியல் மாதிரி படம் வரையச் சொல்லாது, பேசத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கீழக்கரை, தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி என்று ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் முதுகலை மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சியில் உதவுவது என் வேலை. அவர்கள் எழுதிக் கொண்டு வரும் உரையாடல் பதிவுகளைப் படித்துப் படித்து எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. பாடம் தெரியாமல் செய்யும் தவறு குறைவு. அவசரத்தில் செய்யும் தவறுதான் அதிகம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் கண் கலங்கினால் நமக்குத் தாங்குவதில்லை. உடனே வாயைத் திறந்துவிடுகிறோம்.

இதில் பாதிப் பழி பெயருக்கே சேர வேண்டும். 'மனநல ஆலோசனை' என்கிறோம். ஆலோசனை என்றால் யோசனை சொல்வது. அதனால் முதல் நாளிலிருந்தே மாணவர் யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். எதிரில் இருப்பவர் மூச்சு விட்டால் போதும், எடுத்து நீட்டிவிடுவார். இலங்கைத் தமிழில் இதை 'உளவளத்துணை' என்பார்கள். மண்டபம் அகதிகள் முகாமில் வளர்ந்த ஒரு பெண் வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ராத்திரியில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூடவே ஒருவர் துணைக்கு இருப்போமே, அந்தத் துணை. அவர் வைத்தியம் பார்ப்பதில்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்த ராத்திரி கழியாது.

யோசனை சொல்வதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம்மிடம் வருபவர் அதற்குள் பத்துப் பேரிடம் யோசனை கேட்டிருப்பார். குடியை விடு என்று மனைவி சொல்லியிருப்பார், பங்குத் தந்தை சொல்லியிருப்பார், சம்பந்தி சொல்லியிருப்பார். பதினோராவது ஆளாக நாமும் அதையே சொல்வதற்கு இரண்டு வருடப் படிப்பு எதற்கு? மதுப்பழக்கச் சிகிச்சையில் வேலை செய்த வில்லியம் மில்லர் 1983-இல் எழுதத் தொடங்கிய ஊக்க நேர்காணல் முறை இந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. மாற வேண்டியதற்கான காரணத்தை நாம் அடுக்கினால், மாற முடியாததற்கான காரணத்தை அவர் அடுக்குவார். குடியால் தனக்கு என்ன போகிறது என்பது அவர் வாயிலிருந்தே வர வேண்டும். வரும்வரை பொறுக்க வேண்டும்.

ஒரு பதிவு

போன வருடம் ஒரு மாணவி கொண்டு வந்த பயிற்சிப் பதிவு இது. இரண்டு மாணவிகள் நடித்துப் பழகியது. எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும் மீனவரின் மனைவியாக ஒருத்தி, கவுன்சலராக ஒருத்தி. இருவர் அனுமதியோடும் இங்கே தருகிறேன்.

"போன் அடிச்சாலே ஈரக்குலை நடுங்குது."

"கவலைப்படாதீங்க அக்கா. சீக்கிரம் விட்டுருவாங்க."

"ம்."

"நல்லா சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன்."

"தூக்கம் வருதா?"

"வருது."

இதைப் படித்தால் பெரிய தவறு எதுவும் இல்லாத மாதிரிதான் இருக்கும். அன்பாகத்தான் பேசியிருக்கிறாள். ஆனால் மனைவியாக நடித்தவளிடம் கேட்டேன், எந்த இடத்தில் என்ன தோன்றியது என்று. "அவ கவலைப்படாதீங்கன்னதும், இனி இவகிட்ட சொல்ல வேண்டாம்னு ஆயிடுச்சு சார். அதுக்கப்புறம் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன்" என்றாள். அவளுடைய சித்தப்பாவின் படகு ஒருமுறை பிடிபட்டிருக்கிறது. அவளுக்குத் தெரியும்.

'கவலைப்படாதீங்க' என்பது ஆறுதல் மாதிரி ஒலித்தாலும், 'இதை இத்தோடு நிறுத்துங்கள்' என்றுதான் போய்ச் சேருகிறது. 'சீக்கிரம் விட்டுருவாங்க' என்பது அதைவிட மோசம். அது நமக்குத் தெரியாத விஷயம். தெரியாததை உறுதியாகச் சொல்லும் ஒருவரிடம் யாரும் மனதைக் கொடுக்க மாட்டார்கள். 1957-இல் உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் எழுதிய கட்டுரையில் சொன்ன மூன்றை எல்லா மாணவர்களும் ஒப்பிப்பார்கள்: புரிந்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளொன்று புறமொன்று இல்லாத உண்மை. மூன்றாவது அம்சம் இந்த இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது. பொய்யான ஆறுதல் சொன்னால் அது போய்விடும்.

அடுத்த வாரம் அதே காட்சியைத் திரும்பச் செய்யச் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை: அவள் முதல் வரியைச் சொன்னதும் நீ அவளுடைய வார்த்தையையே திருப்பிச் சொல், பிறகு பேசாமல் இரு.

"போன் அடிச்சாலே ஈரக்குலை நடுங்குது."

"போன் சத்தம் கேட்டாலே..."

பதிவில் இந்த இடத்தில் 'அமைதி' என்று எழுதியிருந்தாள். அப்புறம் இது:

"படகு பிடிபட்ட சேதி போன்லதான் வந்துச்சு. போன் மாமியா கையில இருந்துச்சு. அவங்க முகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைலேர்ந்து அவங்க போனை எடுத்தா நான் அடுப்படிக்குப் போயிருவேன்."

மூன்று சொற்களுக்கு இவ்வளவும் வந்தது. கவுன்சலராக இருந்தவள் சொன்னாள், அந்த அமைதியில் தனக்கு வியர்த்துவிட்டது என்று. எல்லோருக்கும் வியர்க்கும். பழகத்தான் வேண்டும்.

கேள்விகள்

மூடிய கேள்வி, திறந்த கேள்வி என்று படித்திருப்பீர்கள். தமிழில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மூடிய கேள்வி பெரும்பாலும் 'ஆ'வில் முடியும். சாப்பிட்டீங்களா, தூங்குறீங்களா, பயமா இருக்கா. உங்கள் பதிவை எடுத்து 'ஆ'வில் முடியும் கேள்விகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் நீங்கள் நேர்காணல் எடுக்கவில்லை, படிவம் நிரப்பியிருக்கிறீர்கள். 'ராத்திரி எப்படிப் போகுது?' என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று 'ஏன்'. நம் ஊரில் ஏன் என்று கேட்பது யார்? வாத்தியார், அப்பா, போலீஸ். 'ஏன் அப்படிச் செஞ்சீங்க' என்ற நொடியில் எதிரில் இருப்பவர் தன் பக்க நியாயத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார். 'அப்ப என்ன நடந்துச்சு', 'அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுச்சு' என்றால் அதே விஷயம் வலிக்காமல் வெளியே வரும்.

திருப்பிச் சொல்வதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஆங்கிலப் பாடப்புத்தக வரியை மனதில் மொழிபெயர்த்து, 'நீங்கள் மிகுந்த மன அழுத்தத்தில் இருப்பதாக உணர்கிறீர்கள்' என்று சொல்லும் மாணவர்கள் இருக்கிறார்கள். பாம்பனில் ஒரு பாட்டியிடம் இதைச் சொன்னால் அவர் நம்மை அரசாங்க ஆபீசர் என்று நினைப்பார். நம் மக்கள் துக்கத்தை உடம்பில்தான் சொல்கிறார்கள். நெஞ்சு அடைக்குது, வயிறு பிசையுது, தலை கனமா இருக்கு, கை கால் ஓஞ்சு போகுது. இந்தச் சொற்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'எப்பல்லாம் நெஞ்சு அடைக்குது?' என்பது நல்ல கேள்வி. அதே நேரத்தில், நெஞ்சு அடைப்பதையெல்லாம் மனது என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. மருத்துவரைப் பார்த்தாயிற்றா என்று உறுதி செய்துகொண்டுதான் மேலே போக வேண்டும்.

உட்காரும் விதம் பற்றி ஜெரார்ட் ஈகன் தொகுத்துத் தந்த விதிகளைத் தேர்வுக்குப் படிப்போம்: நேருக்கு நேர், கைகால் கட்டாமல், சற்று முன்னால் சாய்ந்து, கண்ணைப் பார்த்து, தளர்வாக. படித்துக்கொள்ளுங்கள். ஆனால் பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுத்துவிட்டுக் கரையேறி, விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் முன்னால் சாய்ந்து கண்ணையே பார்த்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் போலவே கடலைப் பார்த்தால் பேசுவார். விதியின் நோக்கம் 'நான் உங்களோடு இருக்கிறேன்' என்று காட்டுவது. அதை இங்கே எப்படிக் காட்டுவது என்று பாருங்கள்.

முறைகளை அவசரமாகக் கையில் எடுப்பது

மூன்றாம் பருவத்தில் சிகிச்சை முறைகள் வந்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். ஆரோன் பெக் 1960-களில் வளர்த்தெடுத்த அறிவாற்றல் சிகிச்சையைப் படித்த மறுவாரமே, மனதில் ஓடும் எண்ணங்களை எழுதிச் சரிபார்க்கும் எண்ணப் பதிவேட்டை நீட்டி, 'உங்கள் எண்ணத்துக்கு ஆதாரம் என்ன?' என்று கேட்கிறார்கள். இதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது, இந்தக் கடற்கரையில் அது இன்னும் பெரிதாகத் தெரியும்.

திங்கள், புதன், சனியில் விசைப்படகு கிளம்புகிறது. வீட்டில் இருப்பவருக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. படகைப் பிடித்துவிடுவார்களோ, ஆளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். மாணவர் இதைப் 'பேரழிவாக நினைக்கும் சிந்தனைப் பிழை' என்று எழுதிக் கொண்டு வந்தார். இது எப்படிப் பிழையாகும்? பக்கத்து வீட்டில் நடந்திருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. நடக்கக்கூடிய ஆபத்தை நினைத்து வரும் பயத்தை வாதாடி உடைக்கப் பார்த்தால், 'இவருக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது' என்பதுதான் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் பாடம். இங்கே செய்ய வேண்டியது வேறு. அந்த ராத்திரியை எப்படிக் கடப்பது, யாரோடு இருப்பது, சேதி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று சேர்ந்து திட்டமிடலாம். உடம்பின் படபடப்பைக் குறைக்கத் தசைத் தளர்வுப் பயிற்சி சொல்லித் தரலாம். 'அவர் கடலுக்குப் போனது நான் சண்டை போட்டதால்தான்' என்று அவர் சொன்னால் அப்போது பதிவேட்டை எடுக்கலாம்; அது பரிசீலிக்க வேண்டிய எண்ணம்.

பயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முகம் கொடுக்க வைக்கும் சிகிச்சையை வழிகாட்டி இல்லாமல் மாணவர்கள் தொடவே கூடாது. பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டால், 'ஓடியதால்தான் தப்பித்தேன்' என்று மனது கற்றுக்கொள்ளும். பயம் இன்னும் இறுகிவிடும்.

படகு விபத்தோ புயலோ நடந்த மறுநாளே எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்வதும் தவறு. ஒரே அமர்வில் அப்படிச் சொல்ல வைப்பது பிற்கால மனக்காயத்தைத் தடுப்பதில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மூன்றே: பார், கேள், இணைத்துவிடு. தண்ணீர், தங்குமிடம், உறவினர் எங்கே என்ற தகவல் ஆகியவை முதலில். பேச விரும்புகிறவர் பேசட்டும்.

சொல்லத் தயங்கும் கேள்வி

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் நாமே அதை விதைத்துவிடுவோம் என்ற பயம் கிட்டத்தட்ட எல்லா மாணவர்களிடமும் இருக்கிறது. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. கேட்காமல் விட்டால்தான் அவர் அதோடு தனியாக நிற்பார். சுற்றி வளைக்காமல், குரலை மாற்றாமல், 'செத்துப் போயிடலாம்னு தோணுதா?' என்று கேளுங்கள். 'ஆ'வில் முடிய வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே உங்கள் வழிகாட்டிக்குச் சொல்லுங்கள், மருத்துவரிடம் கொண்டு சேருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் தமிழ்நாட்டின் 104 உதவி எண்ணும் உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். முயன்று பிழைத்தவர்களின் குடும்பம் போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைப்பார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை அப்படி முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதைத் தெரிந்து வைத்திருந்து அவர்களிடம் சொல்லுங்கள்.

ரகசியம் காப்பது பற்றித் தேர்வில் பத்து மதிப்பெண் எழுதிவிட்டு, பஸ்ஸில் வரும்போது அன்றைய கேஸைப் பேசுகிறவர்கள் உண்டு. இங்கே ஊர்கள் சின்னவை. 'ஒரு டீச்சர், அவங்க வீட்டுக்காரர் சவுதியில' என்றாலே கீழக்கரையில் ஆள் தெரிந்துவிடும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தொழில், தெரு, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் மாற வேண்டும். பதிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள். ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் முதல் அமர்விலேயே சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடப்பது தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். எல்லாம் கேட்டு முடித்த பிறகு இதைச் சொன்னால் அது துரோகமாகத்தான் தெரியும்.

ஏர்வாடியைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தில் மனநலம் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். அந்தக் கோபம் என் மனதில் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தோடு, தர்காவுக்குப் போய் வந்த ஒரு அம்மாவிடம் 'இதெல்லாம் மூடநம்பிக்கை' என்று சொன்னால், அவர் மகனைத் திரும்ப நம்மிடம் கூட்டி வர மாட்டார். மருந்தும் துவா என்ற வேண்டுதலும் சேர்ந்தே நடக்கட்டும் என்ற முயற்சி அதே ஏர்வாடியில்தான் பிறகு வந்தது. கட்டிப் போடுவதை, மாத்திரையை நிறுத்துவதை எதிர்த்துப் பேசுங்கள். கும்பிடுவதை விட்டுவிடுங்கள்.

படிப்பு முடிந்ததும் பலகையில் என்ன எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்ற பட்டம், இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்துப் பதிவு செய்தவர்களுக்கு உரியது. எம்.எஸ்சி. உளவியல் மட்டும் முடித்துவிட்டு அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. அம்மாவையும் அண்ணியையும் பயிற்சிக்கு உட்கார வைக்காதீர்கள், வீட்டில் யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டாதீர்கள்.

கடைசியாக, வழிகாட்டியிடம் எதைக் கொண்டுபோவது. மாணவர்கள் நன்றாகப் போன அமர்வைத்தான் கொண்டு வருகிறார்கள். அதில் எனக்குச் சொல்ல எதுவும் இருக்காது. நாக்கு ஒட்டிக்கொண்ட அந்த ஐந்து நிமிடத்தை எழுதிக் கொண்டு வாருங்கள். அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், அந்த நேரத்தில் உங்கள் வயிற்றில் என்ன நடந்தது என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். மூன்றாவது பத்தியைக் காலியாக விட்டுவிட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.