பிக்கப் வண்டியில் போகாத கடகட சத்தமா? தண்ணீர் பாட்டிலோடு தேடுங்கள்

முதலில் பின்னால் தொங்கும் ஸ்டெப்னியை ஆட்டிப் பாருங்கள். ஜாக்கி, டெயில் கேட் கொக்கியையும் விடாதீர்கள். பாதி 'சஸ்பென்ஷன் சத்தம்' இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, சத்தம் எந்த வகை? 'கீச் கீச்' என்றால் பட்டை ஸ்ப்ரிங்கின் (இரும்புத் தகடுகளை அடுக்கிய ஸ்ப்ரிங்) நுனிகளோ, இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளையான புஷ்ஷோ. 'டக்' என்று ஒரே அடியாக விழுந்தால் ஷாக்கிள் (ஸ்ப்ரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் அசையும் துண்டு) புஷ், ஷாக் அப்சார்பர் புஷ், யூ போல்ட் (ஸ்ப்ரிங்கை ஆக்ஸிலோடு, அதாவது சக்கர அச்சோடு கட்டும் U வடிவ போல்ட்) மூன்றில் ஒன்று தளர்ந்திருக்கும். காலி வண்டியில் மட்டும் கேட்டு, லோடு ஏற்றினால் அடங்குகிறதா? ஷாக்கிள் பக்கம் பாருங்கள்.

கீச் சத்தத்துக்கு: சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் பின் பம்பரில் ஏறி அமுக்கட்டும். ஒவ்வொரு புஷ்ஷிலும் தனித்தனியாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். எதில் பட்டதும் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. கிரீஸோ டீசலோ வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

போல்ட்டைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தால், அந்த இடம் அசைகிறது என்று பொருள். பட்டைத் தகடுகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்தால் ஆக்ஸில் நகர்ந்துவிடும். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இரு பக்கமும் டேப் பிடித்தால் வித்தியாசம் தெரியும். அப்படியிருந்தால் ஓட்டாதீர்கள்.

புது புஷ் போட்டும் ஒரே மாதத்தில் சத்தம் திரும்புவது பெரும்பாலும் ஃபிட்டிங் கோளாறுதான். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிகிறது. சக்கரம் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. பட்டை கழற்றிய வேலையானால், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை டார்க் ரெஞ்சால் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.