இணையத்தளத்துக்கு ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றைத் தெரிவு செய்வது எப்படி?

வெள்ளவத்தையில் தனியார் கல்வி நிலையம் நடத்துபவரோ, செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவரோ, வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்பவரோ தமக்கென ஓர் இணையத்தளம் தொடங்க நினைத்தால், முதலில் கண்ணில் படுவது ஹோஸ்டிங் நிறுவனங்களின் விலைப்பட்டியல்தான். அந்தப் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் வேறொருவருடைய சேர்வரில், அதாவது எப்போதும் இணையத்தில் இணைந்திருக்கும் கணினியில், வாடகைக்கு வைத்திருப்பதாகும். எனவே, சேவை பிடிக்காத நாளில் அங்கிருந்து எவ்வளவு இலகுவாக வெளியேறலாம் என்ற கேள்வியை மனத்தில் வைத்துத் தெரிவு செய்வதே பாதுகாப்பானது. கீழுள்ள படிகளும் அந்தக் கேள்வியை ஒட்டியே அமைந்துள்ளன.

முதலாம் படி: டொமைனை உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள்

டொமைன் என்பது உங்கள் தளத்தின் இணைய முகவரிப் பெயர். இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் இதில் நேரும் தவறைப் பின்னர் திருத்துவது கடினம். தளத்தை வடிவமைத்துத் தருபவரே டொமைனையும் தமது பெயரிலும் தமது மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிடுவதும், பிறகு அவர் வெளிநாடு போனால் கடைக்காரர் தமது பெயரையே மீட்க முடியாமல் தவிப்பதும் நம்மிடையே நடக்கின்றன. டொட் எல்கே பெயர்களையும், 2010 ஆம் ஆண்டிலிருந்து உள்ள '.இலங்கை' என்ற தமிழ்ப் பெயர்களையும் எல்கே டொமைன் பதிவகம் நிர்வகிக்கிறது. டொட் கொம் பெயரை வெளிநாட்டுப் பதிவாளர்களிடமும் வாங்கலாம். எங்கு வாங்கினாலும் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரும், நீங்கள் அன்றாடம் திறந்து பார்க்கும் மின்னஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும்.

ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம் என்ற சலுகையை நான் பரிந்துரைப்பதில்லை. டொமைன் ஓரிடத்திலும் ஹோஸ்டிங் வேறிடத்திலும் இருந்தால், நிறுவனத்தை மாற்றும்போது நேம்சேர்வர் விபரத்தை, அதாவது டொமைனைத் தேடுவோரை எந்த நிறுவனத்தின் சேர்வருக்கு வழிநடத்துவது என்ற குறிப்பை, மாற்றுவதே போதும். டொட் கொம் போன்ற பெயர்களைப் பதிவு செய்த முதல் 60 நாட்களுக்குப் பொதுவாக வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது என்பதையும், மாற்றும்போது பதிவாளர் தரும் இரகசியக் குறியீடு தேவைப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் வாசகர் எங்கே இருக்கிறார்?

கல்வி நிலையத்தின் தளத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் இருப்பார்கள். இணையத் தரவு கண்ணாடி இழைக் கேபிள்களில் ஒளியாகவே பயணிக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் தொலைவிலும் நியூயோர்க் 14,000 கிலோமீற்றர் தொலைவிலும் இருப்பதால், ஒருமுறை போய்த் திரும்புவதற்குச் சிங்கப்பூருக்கு 27 மில்லி விநாடியும் நியூயோர்க்குக்கு 140 மில்லி விநாடியும் குறைந்தபட்சம் தேவை. கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதால் உண்மையில் இது இன்னும் கூடும். ஒரு பக்கம் திறப்பதற்குள் இப்படிப் பல பயணங்கள் நடக்கின்றன. ஆகவே, உள்ளூர் வாசகருக்குக் கொழும்பு, மும்பை, சிங்கப்பூர் ஆகியவற்றில் ஒன்றிலுள்ள சேர்வரைத் தெரிவு செய்யுங்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவுகளும் பார்க்கும் தளம் என்றால், கிளவுட்ஃபிளெயார் போன்ற சேவையின் இலவசத் திட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். படங்களின் பிரதியை அது வாசகருக்கு அருகிலிருந்தே வழங்கும்.

மூன்றாம் படி: திட்டத்தின் அளவு

புதிய தளத்துக்கு, ஒரே சேர்வரைப் பல தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங் போதும். விபிஎஸ் எனப்படும் தனிப்பங்கு சேர்வரைப் பராமரிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லாவிட்டால் அதை வாங்க வேண்டாம். 'வரையறையற்ற இடம்' என்ற விளம்பரத்தைக் கண்டால், கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா என்று நிபந்தனைகளில் தேடிப் பாருங்கள். ஐநோட் என்ற பெயரில் அது இருக்கும். தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் ஒரு படத்தைப் பல அளவுகளில் சேமிப்பதாலும், வந்து சேரும் ஒவ்வொரு மின்னஞ்சலும் பொதுவாக ஒரு கோப்பாகவே எண்ணப்படுவதாலும் அந்த வரம்பு எதிர்பார்த்ததைவிட விரைவில் நிரம்பும். தளத்துக்கும் வாசகருக்கும் இடையிலான தொடர்பைப் பிறர் படிக்க முடியாதபடி காக்க உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாக வழங்குகிறது. அதற்குத் தனிக்கட்டணம் கேட்கும் நிறுவனத்தைத் தவிர்த்துவிடலாம்.

நான்காம் படி: இரண்டாவது பற்றுச்சீட்டைக் கணக்கிடுங்கள்

இப்போது விலைப்பட்டியலைத் திறக்கலாம். மாதம் 3 டொலர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அது மூன்று வருடங்களுக்கு முற்பணமாக 108 டொலர் செலுத்துபவருக்கான விலையாக இருக்கக்கூடும். புதுப்பிக்கும்போது அதே திட்டம் மாதம் 11 டொலர் என்றால், ஒரு வருடத்துக்கே 132 டொலர் தேவை. எனவே சலுகை விலையை விட்டுவிட்டு, புதுப்பித்தல் விலைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். டொலரில் செலுத்துவதென்றால் நாணய மாற்றையும் கவனிக்க வேண்டும்: 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. ரூபாவில் பற்றுச்சீட்டுத் தரும் உள்ளூர் நிறுவனத்துக்கு இது ஒரு பெரிய அனுகூலம். ஆனால் அவர்களுடைய சேர்வர் உண்மையில் எந்த நாட்டில் உள்ளது என்றும், குறிப்பிட்ட விலையில் வற் வரி அடங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பணம் செலுத்துமுன் ஒரு கடிதம்

நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு, வேலைநாளில் அல்லாமல் சனிக்கிழமை இரவில், இப்படி எழுதுங்கள்: "எனது தளத்தின் காப்புப்பிரதியை எத்தனை நாட்களுக்கு ஒருமுறை எடுக்கிறீர்கள்? எத்தனை நாட்கள் வைத்திருப்பீர்கள்? அதே கட்டடத்திலா, வேறிடத்திலா? நானே அதைத் தரவிறக்கவும் மீட்கவும் முடியுமா, அதற்குக் கட்டணம் உண்டா?" பதில் எவ்வளவு விரைவாக வருகிறது என்பதைவிட, கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் உண்டா என்று பாருங்கள். 'வேறிடத்திலா' என்று கேட்பதற்குக் காரணம் உண்டு: பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையம் 2021 மார்ச் 10 ஆம் திகதி தீப்பற்றியபோது, காப்புப்பிரதியையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். 99.9 வீதம் இயங்கும் என்ற உறுதிமொழியின்படி மாதத்தில் 43 நிமிடங்கள் வரை தளம் நின்றிருக்கலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ஆறாம் படி: முதல் மாதத்திலேயே சோதியுங்கள்

மாதக் கட்டணத்தில், அல்லது பணத்தைத் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள், வேர்ட்பிரஸை நிறுவித் தமிழில் ஒரு பக்கம் எழுதி வெளியிடுங்கள். பின் முழுக் காப்புப்பிரதியையும் உங்கள் கணினிக்குத் தரவிறக்கி, ஹோஸ்டிங்கிலேயே வேறொரு கோப்புறையில் புதிய தரவுத்தளத்தோடு மீட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால், தரவுத்தளத்தில் எழுத்துகளைச் சேமிக்கும் குறிமுறை யூடிஎஃப்8எம்பி4 என்று அமைக்கப்பட்டிருக்கிறதா எனப் பார்த்து, மூலப் பிரதியிலிருந்து மறுபடி மீட்டெடுங்கள். பக்கம் எழுத்துப் பிசகாமல் வந்த பிறகு ஒரு வருடத்துக்கான கட்டணத்தைச் செலுத்தி, டொமைனும் ஹோஸ்டிங்கும் முடிவடையும் திகதிகளை, ஒரு மாதம் முன்கூட்டியே நினைவூட்டும்படி கைத்தொலைபேசியில் பதிந்துவிடுங்கள்.