மதியத்துக்குள் வீடு திரும்பும் ஊர்சுற்றல்

மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டரை. பெங்களூரில் இவர்களோடு வெளியே கிளம்பினால், பாதி நாள் டிராஃபிக்கிலும் மீதி நாள் சமாதானப்படுத்துவதிலும் போய்விடும். இப்போது ஒரு நாளுக்கு ஒரே திசைதான்: கப்பன் பார்க்.

காலையில் இட்லியை ஊட்டிவிட்டு, அல்சூரில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன். மூன்றடிக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. காரை விட ரயில்தான் அவர்களுக்குக் கொண்டாட்டம், பார்க்கிங் தேடும் தலைவலியும் நமக்கு இல்லை.

முதலில் மர நிழலில் இஷ்டப்படி ஓட விடுகிறேன். மூங்கில் புதர் பக்கம் சருகு பொறுக்கினால் சின்னவனுக்கு நேரம் போவதே தெரியாது, அவசரப்படுத்துவதில்லை. அப்புறம் பார்க்குக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகள் பூங்காவான பால பவனில் குட்டி ரயில்.

பார்க்கை ஒட்டிய கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா அறிவியல் மியூசியத்தை முழுதாகப் பார்க்க ஆசைப்படாதீர்கள். வெளியே நிற்கும் நீராவி எஞ்சின், கீழ்த்தளத்து எஞ்சின் ஹால், ரைட் சகோதரர்கள் விமானத்தின் மாதிரி, அவ்வளவு போதும். மாடியெல்லாம் பிள்ளைகள் வளர்ந்த பிறகு.

மாற்று உடுப்பு ஒன்று, தண்ணீர், தொப்பி. பொம்மை வேண்டாம், நாம்தான் சுமக்க வேண்டிவரும். பன்னிரண்டரைக்கு வீடு, தயிர் சாதம், தூக்கம். மூத்தவள் தூங்காவிட்டாலும் படுத்துக் கிடப்பாள்.