காவடி அழைப்பிதழுக்குத் தடித்த சாய்வெழுத்து: படிப்படியான செய்முறை

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி அழைப்பிதழைப் பிரெஞ்சிலும் தமிழிலும் ஒரே தாளில் அமைக்கிறீர்களா? பிரெஞ்சுத் தலைப்புக்குத் தடித்த, சாய்ந்த செரிஃப் எழுத்து (கோடுகளின் முனையில் சிறு வால் உள்ளது) மிக எடுப்பாக இருக்கும். ஆனால் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்தி முழுக்கப் போட்டால் கண் வலிக்கும், எதுவும் தனித்துத் தெரியாது.

படி 1: நான்கு கோப்புகளும் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். ரெகுலர், இட்டாலிக், போல்டு, போல்டு இட்டாலிக் ஆகிய நான்கையும் நிறுவ வேண்டும். டைம்ஸ் நியூ ரோமன், ஈபி கரமோண்ட், பிளேஃபேர் டிஸ்ப்ளே மூன்றிலும் இவை உண்டு. பின்னிரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். நான்காவது கோப்பு இல்லாவிட்டால், மென்பொருள் இருக்கும் எழுத்தையே சாய்த்துப் பருமனாக்கி ஒப்பேற்றிவிடும்.

படி 2: போலியா என்று பாருங்கள். பிரெஞ்சின் சிறிய 'ஏ' (a), 'எஃப்' (f) இரண்டையும் 72 பாயிண்டில் தட்டச்சிட்டு, கண்ட்ரோல்+பி, கண்ட்ரோல்+ஐ அழுத்துங்கள். நேர் எழுத்தில் 'ஏ'வுக்கு மேலே கொக்கி, கீழே வயிறு என இரண்டு அடுக்கு. சாய்வில் அது கையால் எழுதியதுபோல ஒற்றை அடுக்காக மாற வேண்டும். பல எழுத்துருக்களில் 'எஃப்'பின் கால், எழுத்துகள் நிற்கும் கோட்டுக்குக் கீழே இறங்கும். கொக்கி அப்படியே சாய்ந்து நின்றால் பெரும்பாலும் போலிதான். 1500 வாக்கில் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் அச்சகத்துக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய முதல் சாய்வெழுத்தே கையெழுத்தைப் பார்த்து உருவானது. அதனால்தான் சாய்வைவிட வடிவ மாற்றம் முக்கியம்.

படி 3: அளவு. ஏ5 தாளில் தலைப்பு 26 பாயிண்ட், வரி இடைவெளி 30. பத்தி வாசகம் நேரான ரெகுலரில் 11. தேதி, நேரம் நேரான போல்டில் இருக்கட்டும். எண்களைத் தூரத்திலிருந்தும் படிக்க வேண்டுமே. தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்துகளில் போடாதீர்கள். சாய்வின் அழகெல்லாம் சிறிய எழுத்துகளில்தான்.

படி 4: தமிழைச் சாய்க்காதீர்கள். மென்பொருள் இழுக்கும்போது 'ணை', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து கோணலாகும். நோட்டோ செரிஃப் தமிழ் போல்டு, நேராக, 22 பாயிண்டில் தொடங்கி, பிரெஞ்சு வரியோடு கண்ணால் ஒப்பிட்டுக் கூட்டிக் குறையுங்கள்.

படி 5: மோதல்கள். சாய்ந்த 'எஃப்'பின் தலை, அடுத்து வரும் நேரான அடைப்புக்குறியில் இடிக்கும். அடைப்புக்குறியையும் சாய்வாக்குங்கள், அப்போதும் இடித்தால் நடுவே மெல்லிய இடைவெளி விடுங்கள். பிரெஞ்சு எழுத்துகளின் மேல்குறிகள் முந்தைய வரியின் தொங்கும் கால்களைத் தொடுகின்றனவா என்றும் பாருங்கள்.

படி 6: பிடிஎஃப். எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே உட்பொதித்துச் சேமியுங்கள். இல்லாவிட்டால் அச்சகத்தின் கணினி வேறு எழுத்தை மாற்றிப் போட்டுவிடும். பிறகு அச்சிடப்போகும் தாளிலேயே 100 சதவீத அளவில் ஒரு மாதிரிப் பிரதி எடுங்கள். மஞ்சள் தாளில் ஜெராக்ஸ் எடுப்பதானால் பிளேஃபேரின் மயிரிழைக் கோடுகள் உடைந்துபோகலாம். அப்போது டைம்ஸுக்கு மாறுங்கள், அல்லது தலைப்பை 30 பாயிண்டாக்குங்கள்.