தொண்டு நிறுவனங்களை இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியில் அடுத்தடுத்த தெருக்களில் மாலை வகுப்பு நடத்தும் இரண்டு அமைப்புகள், ஒரே பிள்ளையின் பெயரைத் தத்தம் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் ஒன்றாகச் சேர்வது நல்லதுதான். சேரும் விதத்தில்தான் ஆளாளுக்கு அதே குழியில் விழுகிறார்கள். தீர்மானம் போடுவது, கணக்கைத் தணிக்கை செய்வது எல்லாம் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன்.

பெயர் பெரிய அமைப்பையே மிச்சம் வைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. சிறிய டிரஸ்ட் ஒன்றிடம் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான மத்திய அரசின் பதிவு, இருந்தது. ஊரறிந்த பெரிய அமைப்பிடம் அது இல்லை. "பெரியவங்க பேர்லயே இருக்கட்டும், பதிவை மாத்திக்கலாம்" என்று முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பதிவு கைமாறாது என்று சொன்னதற்கு, "அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவார் சார்" என்று பதில் வந்தது.

ஆடிட்டர் என்ன செய்வார்? அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடையை வேறெந்த அமைப்புக்கும் மாற்றக் கூடாது. இருவரிடமும் பதிவு இருந்தாலும் கூடாது. பதிவை சரண்டர் செய்தாலோ, அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து அரசு நியமிக்கும் அதிகாரியின் பொறுப்புக்குப் போய்விடும். வெளிநாட்டு நன்கொடையாளர் பெயர் ஒட்டிய தையல் இயந்திரங்கள் பெரிய அமைப்பின் மையத்துக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் பழைய பில்லோடு ஒத்துப்பார்த்து, ஆட்டோவில் ஏற்றித் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. வெளிநாட்டு நன்கொடை வந்து சேரும் டெல்லி எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளைக் கணக்கில் இருந்த பணத்தை டிரஸ்ட் மட்டுமே செலவழிக்க முடியும் என்பதால், மூடுவதாக அறிவித்த டிரஸ்டையே மறுபடி நடத்தினார்கள்.

சரி, பெரிய அமைப்பு புதிதாக விண்ணப்பிக்கலாமே என்றால், மூன்று ஆண்டு செயல்பாட்டையும் அதில் 15 லட்சம் ரூபாய் செலவையும் காட்டி, டெல்லியின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை வகுப்பு ஆசிரியர்களுக்குச் சம்பளம் யார் தருவது? எனவே பெயர்ப்பலகையைப் பற்றிப் பேசுவதற்கு முன், எந்தப் பதிவு யாரிடம் இருக்கிறது என்று ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். சில நேரம் சின்ன டிரஸ்டையே வைத்துக்கொண்டு, பெரியவர்கள் அதற்குள் வருவதுதான் புத்திசாலித்தனம். கௌரவம் இடிக்கும், இடிக்கட்டும்.

நோக்கம் பொருந்தாமல் இணைவது

2016-இல் வருமான வரிச் சட்டத்தில் நுழைந்த விதி இது. ஒத்த நோக்கமும் வரிவிலக்குப் பதிவும் இல்லாத அமைப்போடு இணைந்தால், சொத்தின் சந்தை மதிப்பில் கடன் போக மிச்சத்துக்கு உச்ச விகிதத்தில் வரி உண்டு. அண்ணா நகரில் யாரோ தானமாகக் கொடுத்த ஒரு கிரவுண்டு நிலம் இருந்தாலே போதும், கணக்கு தலை சுற்றும்.

டிரஸ்டும் சங்கமும் ஒன்றுதான் என்று நினைப்பது

சங்கத்துக்கு 1975 தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டமும் மாவட்டப் பதிவாளரும் இருக்கிறார்கள். டிரஸ்டுக்கு அதன் பத்திரம்தான். அதில் இணைப்புக்கு இடமில்லையென்றால் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். முதலில் பத்திரத்தைப் படியுங்கள், கடைசிப் பக்கம்வரை.

இரண்டு இயக்குநர்கள்

ஒருவர் போதும்.

ஊழியர்களுக்குக் கடைசியில் சொல்வது

டீக்கடையில் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அவர்கள் கேட்கப்போவது கிராஜுவிட்டி பற்றித்தான். பழைய பணிக்காலம் தொடரும் என்று கையெழுத்திட்ட கடிதத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.