ஹொக்கைடோவில் கார் ஓட்டுகிறீர்களா? சக்கரத்துக்குள் இறுகிய பனியை எடுப்பது எப்படி

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஜப்பானின் ஹொக்கைடோ போய் வாடகைக் கார் எடுப்பது இப்போது நம்மிடையே சகஜமாகிவிட்டது. சிங்கப்பூரைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தைக் கிளம்புமுன் சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் காருக்குப் பனி டயர் போட்டே கொடுப்பார்கள். ஆனால் சக்கரத்துக்குள் பனி இறுகினால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

ஃபுரானோவில் ஓர் இரவு தங்கிவிட்டு, காலையில் அசாஹிகாவாவுக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பயணம். வேகம் ஐம்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் தடதடவென்று அடித்தது. “டயர் போயிடுச்சாங்க?” என்றாள் மனைவி. பின்னால் இரண்டு பிள்ளைகள். நாற்பதுக்குக் குறைத்து, அடுத்து வந்த சாலையோர நிலையத்தின் வாகன நிறுத்துமிடத்துக்குள் திருப்பினேன். நான்கு டயரிலும் காற்று இருந்தது. கைபேசி விளக்கை ரிம்மின் கம்பிகளுக்கு இடையே அடித்துப் பார்த்தேன். முன்சக்கரத்தின் உள்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறக் கட்டி ஒன்று சிமெண்ட் பூசினாற்போல் ஒட்டிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் இரவு வண்டி ஒழுங்காகத்தானே ஓடியது? காரணம் இதுதான். ஓடும்போது பனி ரிம்மின் உள்பக்கம் முழுக்கப் பரவலாக ஒட்டுகிறது. எடை சமமாக இருப்பதால் ஆட்டம் தெரிவதில்லை. வண்டியை நிறுத்தியதும் பிரேக்கின் சூட்டில் அந்தப் பனி இளகி, வழிந்து, அடிப்பக்கம் சேர்கிறது. இரவு முழுக்க அங்கேயே உறைகிறது. காலையில் சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் கனக்கிறது.

நம் ஊர்ப் பட்டறையில் சக்கரத்தின் எடையைச் சமப்படுத்தும் பேலன்சிங் செய்யும்போது 10 கிராம், 20 கிராம் ஈயத் துண்டுகளை எவ்வளவு கவனமாக ஒட்டுகிறார்கள்! இங்கே 200 கிராம் கட்டி என்று வையுங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அது ஒட்டியிருந்தால், சாதாரணக் காரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 3 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். 60இல் அது 11 கிலோ. 80இல் 20 கிலோ. வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும். ஆகவே நடுக்கம் தெரிந்தால் முதல் வேலை வேகத்தைக் குறைப்பதுதான். விரைவுச்சாலையின் ஓரத்தில் நிறுத்தாதீர்கள். மெதுவாக ஓட்டி அடுத்த ஓய்விடத்துக்குள் போய்விடுங்கள். ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கை அதிர்ந்தால் பின்சக்கரம்.

கையில் இருக்க வேண்டியவை

பனி தள்ளும் தூரிகை பெரும்பாலும் காரிலேயே இருக்கும். வண்டியை எடுக்கும்போதே கேட்டுப் பாருங்கள். அதனுடன் ஒரு கைவிளக்கும், நீளக் காம்புள்ள மரத் துடுப்பும் போதும். சிங்கப்பூர்த் தேக்காவில் பாத்திரக் கடையில் வாங்கிய துடுப்பைத்தான் நான் எடுத்துப் போகிறேன். தோசைத் திருப்பி வேண்டாம். உலோகம் அலாய் ரிம்மைக் கீறினால் வண்டியைத் திருப்பித் தரும்போது நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். கம்பளிக் கையுறை ஐந்தே நிமிடத்தில் நனைந்து விரல் மரத்துவிடும். அதன்மேல் பெரிய அளவு ரப்பர் கையுறை ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்.

எடுக்கும் முறை

சமதளத்தில் நிறுத்துங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்பி, கியரை ‘பி’யில் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் முன்னால் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். சக்கரம் திரும்பி நிற்பதால் அதன் உள்பக்கம் இப்போது நன்றாகத் தெரியும்.

முதலில் டயருக்கு மேலேயுள்ள வளைவில் அடைத்திருக்கும் பனியைத் தூரிகையின் காம்பால் கீழ்நோக்கித் தள்ளி விழச் செய்யுங்கள். இது அதிகமானால் டயரில் உரசும், சக்கரம் முழுதாகத் திரும்பாது. பூட்ஸ் காலால் ஓங்கி உதைக்காதீர்கள். கடுங்குளிரில் பிளாஸ்டிக் சட்டென்று விரிசல் விடும்.

பிறகு ரிம். துடுப்பின் விளிம்பைக் கட்டிக்கும் உலோகத்துக்கும் நடுவே வைத்து, ஓரத்திலிருந்து நெம்புங்கள். நடுவில் குத்தினால் தூளாகும், பெயராது. ஓரம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் முழுப் பாளமாகக் கழன்று விழும். அந்த ‘டொப்’ என்ற சத்தம் கேட்கும்வரை பொறுமை வேண்டும். உள்ளே ஒரு ரப்பர்க் குழாயும் மெல்லிய ஒயரும் தெரியும். குழாய் பிரேக்குக்குரியது, ஒயர், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சாருக்கு. அவற்றின் பக்கம் துடுப்பைக் கொண்டுபோகாமல், அங்கே ஒட்டியிருப்பதைக் கையுறை விரலால் மட்டும் தட்டிவிடுங்கள். பிரேக் தட்டு சுடும், தொடவேண்டாம்.

கட்டி கை எட்டாத இடத்தில் இருந்தால் காரைச் சுமார் ஒரு மீட்டர் முன்னே நகர்த்துங்கள். சக்கரம் அரைச்சுற்று சுற்றி, அடியில் இருந்தது மேலே வந்துவிடும். திரும்பாத பின்சக்கரங்களுக்கு இதுதான் வழி. எடுத்த பக்கத்தில் மட்டும் விட்டுவிடாமல் நான்கு சக்கரத்தையும் பாருங்கள்.

வெந்நீர் ஊற்றவே கூடாது. ஹோட்டல் அறையில் கெட்டில் இருக்கிறதே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. கட்டி இளகும், உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீர் பிரேக்குக்குள் இறங்கி, மைனஸ் பத்து டிகிரியில் மறுபடி உறைந்து, சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும்.

புறப்பட்டதும் முதல் சில நூறு மீட்டருக்கு, பின்னால் வண்டி வராதபோது, பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதித்து ஈரத்தைக் காயவிடுங்கள்.

மாலையிலேயே செய்துவிடுங்கள்

காலையில் இருபது நிமிடம் நெம்பியதை, மறுநாள் மாலை ஹோட்டல் வாசலில் ஐந்து நிமிடத்தில் முடித்தேன். பனி அப்போது இன்னும் இறுகாமல் மென்மையாக இருக்கும். துடுப்பே வேண்டாம், தூரிகை போதும். மூத்தவன் விளக்குப் பிடித்தான். இரவில் ஹேண்ட்பிரேக் போடாமல், சமதளத்தில் ‘பி’யில் மட்டும் நிறுத்துங்கள், போட்டால் பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளக்கூடும். சில கார்களில் அது தானாகவே விழும். அதை நிறுத்திவைப்பது எப்படி என்று வண்டியை எடுக்கும்போதே காட்டச் சொல்லுங்கள்.

காலையில் எஞ்சினை இயக்குமுன் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். பனி மூடியிருந்தால் நச்சுப்புகை வண்டிக்குள் வரும், உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளை அதற்குப் பிறகு ஏற்றுங்கள்.

நான்கு சக்கரத்தையும் துடைத்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் அது பனி இல்லை. சக்கரத்தின் நட்டு தளர்ந்திருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, வாடகை நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அழையுங்கள். அந்த எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதி வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.