கூடைப்பந்தில் மாற்று கார்டைக் (guard) கைமாற்றலாமா? தொடக்கநிலை ரசிகருக்கு ஒரு செய்முறை

2023 டிசம்பர் 30. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், நியூயார்க் நிக்ஸ் அணி தன் மாற்று கார்டு இம்மானுவேல் குவிக்லியை டொரன்டோ ராப்டர்ஸுக்குக் கொடுத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது இங்கே இரவாகியிருந்தது. என் தம்பி கொதித்துப்போனான். "பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பதினைந்து புள்ளி எடுக்கிறவரை யாராவது கொடுப்பார்களா அக்கா?" என்றான். வருவது ஓஜி அனுனோபி, அவரைப் போன்ற தடுப்பாட்டக்காரர் எளிதில் கிடைக்கமாட்டார் என்றேன் நான். இரண்டு மணி நேரம் பேசினோம். பேச்சு தொடங்கிய இடத்திலேயே நின்றது. அவன் குவிக்லியின் திறமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான், நான் அணியின் தேவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது எதையும் நான் மறுக்கவில்லை, நான் சொன்னதை அவனும் மறுக்கவில்லை. பிறகு எப்படி முடிவு கிடைக்கும்?

அதற்குப் பிறகு ஒரு முறையைப் பழக்கிக்கொண்டேன். என்பிஏவை அண்மையில்தான் பார்க்கத் தொடங்கியவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு தாளும் பேனாவும் போதும். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் 'கொடு' என்றும் வலப்பக்கம் 'வை' என்றும் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாகக் குவிக்லியையே வைத்துக்கொள்வோம்.

படி 1: முன்னால் நிற்பவர் யார் என்று பாருங்கள்

கார்டு என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர். மாற்று கார்டு என்றால் அந்த இடத்தின் முதல் ஆட்டக்காரர் ஓய்வெடுக்கும்போது களம் இறங்குபவர். எனவே முதல் கேள்வி இளைஞரைப் பற்றியதே அல்ல, அவருக்கு முன்னால் நிற்பவரைப் பற்றியது. அவருக்கு வயது என்ன? ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? இருவரும் சேர்ந்து ஆட முடியுமா?

குவிக்லிக்கு முன்னால் நின்றவர் ஜேலன் பிரன்சன். 2022 கோடையில் நான்கு ஆண்டுகளுக்கு 10.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்தவர். வந்த முதல் ஆண்டிலேயே அணி அவருடையதாகிவிட்டது. பரிமாற்றம் நடந்தபோது அவருக்கு 27 வயது, குவிக்லிக்கு 24. முன்னவர் விரைவில் ஓய்வுபெறுவார், பின்னவர் அந்த இடத்துக்கு வருவார் என்று காத்திருக்க வழியில்லை. இருவரும் ஏறக்குறைய ஆறடி இரண்டு அங்குலம். இருவரும் பந்து கையில் இருந்தால்தான் முழுமையாக ஆடுபவர்கள். இருவரையும் சேர்த்து இறக்கினால், எதிரணி தன் உயரமான ஆட்டக்காரரை அவர்களில் ஒருவர் காக்கும் பக்கமாகத் தேடி அனுப்பும்.

இங்கே ஒரு சிறு விவரத்தைக் கவனியுங்கள். 2022-23 பருவத்தில் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதில், அதாவது பெஞ்சிலிருந்து வருபவர்களில் சிறந்தவருக்கான விருதில், குவிக்லி இரண்டாம் இடம் பெற்றார். அப்போது அவர் ஆட்டத்துக்குச் சுமார் 29 நிமிடம் ஆடினார். அடுத்த பருவத்தில் அது 24 நிமிடமாகக் குறைந்தது. அவர் மோசமாகிவிடவில்லை. ஜோஷ் ஹார்ட்டும் டான்டே டிவின்சென்சோவும் வந்ததால் பங்கு போட ஆள் கூடிவிட்டது, அவ்வளவுதான். வளரும் ஆட்டக்காரரின் நிமிடங்கள் குறைகின்றன என்றால் 'கொடு' பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மாவட்ட அணியில் மூன்று ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். நன்றாக ஆடிய பிறகும் நேரம் குறைந்தால் உள்ளே என்ன நடக்கும் என்று தெரியும்.

படி 2: எண்களுக்கு முன் ஆட்டத்தைப் பாருங்கள்

பெஞ்ச் ஆட்டக்காரரின் எண்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் பெரும்பாலும் எதிரணியின் பெஞ்சை எதிர்த்து ஆடுகிறார். அதனால், "36 நிமிடம் ஆடினால் இத்தனை புள்ளி" என்று கணக்குப் போட்டுக் காட்டுபவர்களை உடனே நம்பிவிடாதீர்கள். முதல் ஆட்டக்காரர் காயத்தால் வெளியே இருந்த நாள்களை மட்டும் தேடி எடுங்கள். அவர் இல்லாதபோது இவர் என்ன செய்தார் என்பதுதான் உண்மையான தேர்வு.

குவிக்லிக்கு அப்படியொரு நாள் 2023 மார்ச் 5, பாஸ்டனில். பிரன்சன் ஆடவில்லை. ஆட்டம் இரண்டு முறை கூடுதல் நேரத்துக்குப் போனது. 58 நிமிட ஆட்டத்தில் 55 நிமிடம் களத்தில் நின்று 38 புள்ளி எடுத்தார். நிக்ஸ் 131-129 என்று வென்றது. நம் நேரப்படி காலை ஆறு மணிக்குத் தொடங்கிய ஆட்டம் அது. தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்தேன். அதே மாதக் கடைசியில் ஹூஸ்டனுக்கு எதிராக 40 புள்ளி.

அந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது ஃப்ளோட்டர் எனப்படும் அவருடைய மிதவை வீச்சைக் கவனியுங்கள். சக வீரர் ஒருவர் தடுப்பாக நிற்க, குவிக்லி அவரை உரசிக்கொண்டு வளைவார். எதிரணியின் நெடிய சென்டர் கூடையைக் காக்கப் பின்னோக்கிப் போவார். இருவருக்கும் நடுவே, கூடைக்கு எதிரே உள்ள ஃப்ரீ த்ரோ கோட்டருகே, ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு வெற்றிடம் இருக்கும். அங்கே ஒரே காலில் எழும்பி, சென்டரின் விரல்களுக்கு மேலே பந்தை மெல்லத் தூக்கிவிடுவார். சென்டர் முன்னால் வந்தால் பந்து மேலே போகும், பின்னால் நின்றால் கூடைக்குள் போகும். இந்த ஆயுதம் பெஞ்சுக்கு எதிராக மட்டும் பலிக்கும் தந்திரமல்ல. 'வை' பக்கத்தில் தடித்த எழுத்தில் எழுதுங்கள்.

படி 3: ஒப்பந்தம் முடியும் நாளைக் கண்டுபிடியுங்கள்

என் தம்பியும் நானும் அன்று தொடாமலேயே விட்டது இதைத்தான். பாதி வாதம் இங்கேயே முடிந்துவிடும் என்பதால் இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள்.

என்பிஏவில் ஆண்டுதோறும் நடக்கும் இளம் வீரர் தேர்வின் முதல் சுற்றில் எடுக்கப்படுபவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். முதல் இரண்டு ஆண்டு உறுதி, அடுத்த இரண்டும் அணியின் விருப்பம். சம்பளம் தேர்வான வரிசைப்படி ஓரளவு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். 2020இல் 25ஆவதாகத் தேர்வான குவிக்லி 2023-24இல் வாங்கியது சுமார் 42 லட்சம் டாலர். அந்தப் பருவத்தில் ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு 13.6 கோடி டாலர். அவர் ஆட்டத்துக்கு அது மிக மிகக் குறைந்த விலை.

மூன்றாவது ஆண்டு முடிந்ததும் அடுத்த பருவம் தொடங்கும்வரை ஒப்பந்தத்தை நீட்டிக்கப் பேசலாம். அந்தக் கெடு தாண்டினால், நான்காம் ஆண்டின் முடிவில் வீரர் சந்தைக்கு வருவார். ஆனால் முழுச் சுதந்திரத்தோடு அல்ல. வேறு அணி விலை சொன்னால் அதே விலையைக் கொடுத்துப் பழைய அணி அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். ஐபிஎல் ஏலத்தில் ஆர்டிஎம் அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அந்த அட்டையில் உள்ள சிக்கலும் அதுதான்: விலையை நீங்கள் வைப்பதில்லை, அடுத்தவர் வைக்கிறார்.

2023 அக்டோபர் கெடுவுக்குள் நிக்ஸும் குவிக்லியும் உடன்பாட்டுக்கு வரவில்லை. அந்த நாளிலேயே கேள்வி மாறிவிட்டது. இனி 'குவிக்லி நல்ல ஆட்டக்காரரா?' என்று கேட்டுப் பயனில்லை. '24 நிமிடம் மட்டுமே ஆடப்போகிறவருக்கு, அடுத்த கோடையில் முதல் ஆட்டக்காரருக்கான சம்பளத்தைக் கொடுப்பீர்களா?' என்பதுதான் கேள்வி. சந்தை சொன்ன விலை பிறகு தெரிந்தது. டொரன்டோ அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 16 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது. அங்கே அவர் முதல் ஆட்டக்காரர், அதனால் அந்த விலைக்குப் பொருள் இருந்தது.

2020இன் அதே இளம் வீரர் தேர்வில் குவிக்லிக்கு அடுத்த 26ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர் பேட்டன் பிரிச்சர்ட். பாஸ்டனின் மாற்று கார்டு. அவரும் அதே அக்டோபரில் அதே கெடுவின் முன் நின்றார். நான்கு ஆண்டுகளுக்கு 3 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். பாஸ்டன் அவரை வைத்துக்கொண்டது. 2024 இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில், இடைவேளை மணி ஒலிக்கும் நொடியில் மைதானத்தின் நடுக்கோட்டருகே இருந்து அவர் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. பாஸ்டன் கோப்பை வென்றது, 2025இல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதும் பிரிச்சர்டுக்குக் கிடைத்தது. அடுத்தடுத்த இடங்களில் தேர்வான இரண்டு மாற்று கார்டுகளில் ஒருவர் போனார், ஒருவர் தங்கினார். இரண்டு முடிவுகளும் சரி என்றே நினைக்கிறேன். வேறுபாடு திறமையில் இருந்ததைவிட ஒப்பந்தத் தாளில் அதிகம் இருந்தது.

படி 4: வருவது யார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்

"இவரைக் கொடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், "கொடுத்து யாரை வாங்க?" என்று கேளுங்கள். பெயர் வராவிட்டால் வாதத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பெயர் வந்துவிட்டால் சம்பளக் கணக்கைப் பாருங்கள். வரம்பைத் தாண்டிய அணிகள் பரிமாறும்போது இருபக்கச் சம்பளமும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். அனுனோபியின் சம்பளம் 1.86 கோடி டாலர். 42 லட்சம் டாலர் வாங்குபவரை மட்டும் கொடுத்து அவரை வாங்க முடியாது. அதனால் ஆர்ஜே பாரெட்டும் உடன் போனார், இளம் வீரர் தேர்வின் இரண்டாம் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமையும் போனது. அங்கிருந்து அனுனோபியோடு பிரெஷஸ் அச்சுவாவும் மலாக்கை ஃப்ளினும் வந்தார்கள். குறைந்த சம்பளம் வாங்கும் இளைஞரைப் பற்றிய பேச்சு கிட்டத்தட்ட எப்போதும் இன்னொருவரையும் உள்ளே இழுத்துவிடும். நிக்ஸ் ரசிகர்கள் அன்று இரண்டு பேரை இழந்து வருந்தினார்கள்.

வருபவர் பழைய ஓட்டையை அடைக்கிறாரா என்பதும் முக்கியம். அனுனோபி ஆறடி ஏழு அங்குலம். 2022-23இல் ஆட்டத்துக்குச் சராசரியாக அதிகமுறை பந்தைப் பறித்தவர் அவர்தான். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை அவரிடம் ஒப்படைத்துவிட்டால் பிரன்சனுக்குச் சுமை குறையும். 17 வெற்றி, 15 தோல்வி என்று தடுமாறிய அணி, அவர் வந்த ஜனவரியில் 14 ஆட்டங்களை வென்று இரண்டில் மட்டுமே தோற்றது.

மாற்று கார்டைக் கொடுத்து வாங்கிய பரிமாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. 2011 தேர்வு நாள் இரவு, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் தன் மாற்று கார்டு ஜார்ஜ் ஹில்லை இண்டியானாவுக்குக் கொடுத்தது. ஹில் பயிற்சியாளர் கிரெக் போபோவிச்சின் செல்லப்பிள்ளை. ஆனால் முன்னால் டோனி பார்க்கரும் மானு ஜினோபிலியும் நின்றார்கள், உயரமான தடுப்பாட்டக்காரர் இல்லை. பதிலுக்கு வந்தவர் 15ஆவதாகத் தேர்வான காவாய் லெனர்ட். மூன்றே ஆண்டில், 22 வயதில், 2014 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஹில்லும் தாழ்ந்துபோகவில்லை. பிறந்த ஊரான இண்டியானாபோலிஸிலேயே முதல் ஆட்டக்காரராக நின்று, 2013இலும் 2014இலும் அணி கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றுக்குப் போக உதவினார்.

படி 5: காலியாகும் நிமிடங்களை யார் ஆடுவார்?

சிறிய படிதான், ஆனால் பலர் மறந்துவிடுகிறார்கள். குவிக்லியின் 24 நிமிடத்தை நிரப்ப நிக்ஸ் கையில் மைல்ஸ் மெக்பிரைடு இருந்தார். பரிமாற்றத்தை ஒட்டியே அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 1.3 கோடி டாலர் ஒப்பந்தம் தரப்பட்டது. அப்படி ஒரு பெயர் உங்களுக்குத் தோன்றாவிட்டால் 'வை' பக்கம் இன்னொரு வரி கூடும்.

படி 6: எதிர்ப்பக்கத்தின் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடுங்கள்

'கொடு' என்று சாய்ந்துவிட்டீர்களா? கொடுத்துத் தவறிய கதைகளைப் படியுங்கள். 2012 அக்டோபரில், இறுதிச் சுற்றுக்குப் போய் ஐந்து மாதம்கூட ஆகாத ஓக்லஹோமா சிட்டி தண்டர், பெஞ்சிலிருந்து ஆடிய ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. அங்கேயும் காரணம் நீட்டிப்புக் கெடுதான். 2018இல் ஹார்டன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். 1998இல் ஃபீனிக்ஸ், ஜேசன் கிட்டுக்கும் கெவின் ஜான்சனுக்கும் பின்னால் காத்திருந்த ஸ்டீவ் நாஷை டல்லஸுக்கு அனுப்பியது. 2004இல் அவரையே திரும்ப அழைத்தது, அடுத்த இரண்டு பருவங்களிலும் அவர் அதே விருதைப் பெற்றார்.

இந்த இரண்டையும் உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். ஹார்டன் விஷயத்தில் தண்டருக்கு வந்த கெவின் மார்ட்டின் ஒரே பருவம்தான் ஆடினார். நான்காம் படியில் அந்த அணி தவறியது என்பது என் கணிப்பு.

படி 7: முடிவை எழுதித் தேதி போடுங்கள்

ஒரே வரியில் எழுதுங்கள், பெயரும் விலையும் இருக்க வேண்டும். "அனுனோபிக்காக என்றால் கொடுக்கலாம், ஆண்டுக்கு இத்தனைக்குள் கையெழுத்திட்டால் வைக்கலாம்" என்பது போல. பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரு பருவம் முடிந்ததும் எடுத்துப் பாருங்கள்.

என் தாளில் 'கொடு' என்றுதான் இருக்கிறது, இன்றும் அதை மாற்றவில்லை. ஆனால் வலப்பக்கத்தில் என் தம்பி பின்னால் வந்து சேர்த்த வரி ஒன்று உண்டு: 2024 மே 19. இண்டியானாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். அனுனோபி தொடைத் தசைக் காயத்தோடு இறங்கிச் சில நிமிடங்களிலேயே வெளியேறினார். பிரன்சனின் இடக்கை எலும்பு முறிந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு வர ஆள் தேடி நிக்ஸ் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தபோது, அங்கே குவிக்லி இல்லை. நிக்ஸ் 130-109 என்று தோற்றது. அந்த வரியை நான் அடிக்கவில்லை.